மூன்று ஒயினுக்கும் சேருவது

புதுச்சேரியில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே' என்று அழைக்கும் சவரிராயரை ஒயின் விஷயத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்பது அவர் சட்டம். மீன் குழம்போடு சிவப்பு ஒயின் குடித்துவிட்டான் என்று சொந்தத் தம்பியையே மேசையிலிருந்து விரட்டியவர். அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பாடு.

ஒருநாள் சமையற்காரி செசிலியை மிரட்டினார்.

"பிரெஞ்சுச் சிவப்பு, ஜெர்மன் வெள்ளை, போர்த்துகல் இனிப்பு, மூணுக்கும் சேருறதா ஒண்ணு மேசைக்கு வரணும். இல்லேன்னா வேலை கிடையாது!"

மத்தியானம் மேசைக்கு இன்னொரு நாற்காலி வந்தது. அதில் செசிலி கூட்டிவந்த, முசியே விரட்டிய அதே தம்பி. நடுவில் மீன் குழம்பு.

"என்ன இது?"

"மூணுக்கும் சேருறது. கிளாஸோட கிளாஸ் முட்டாம எந்த ஒயினையும் குடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க, முசியே? ஒத்தைக் கிளாஸ் எதோட முட்டும்?"

முசியே சிவப்பு ஒயினை எடுத்துத் தம்பிக்கு ஊற்றினார்.

"குழம்பு நிறைய போட்டுக்கடா," என்றார்.