செருப்புத் திருடனுக்கு ஒரு பந்தல்

முன்னொரு காலத்தில் மருதநல்லூரை வீரமுடியார் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். யானை களவு போனாலும் எலுமிச்சம்பழம் களவு போனாலும் தானே விசாரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அதுவரை பிடிபட்டவன் சிறையில் கிடப்பான். வேட்டைக்கும் விருந்துக்கும் போக, ராஜாவுக்கு நேரம் ஏது?

சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்த மாசானம், கோயில் வாசலில் ஒரு ஜோடி செருப்பைத் திருடிவிட்டு நான்கு மாதமாக உள்ளே இருந்தான். இதற்குள் அவன் மனைவி உலகம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தினமும் பிள்ளையோடு சிறை வாசலில் வந்து நிற்பாள். காவலர்கள் விடவே மாட்டார்கள்.

அதைப் பார்த்து மந்திரி சிவந்தியப்பருக்கு மனம் பொறுக்கவில்லை.

"மகாராஜா, தெருவுக்கு ஒரு பந்தல் போட்டு, நியாயம் தெரிந்த இரண்டு பேரை உட்காரவைப்போம். சின்னக் குற்றங்களை அன்றன்றைக்கே விசாரிக்கட்டும். செலவை மட்டும் அரண்மனை ஏற்றால் போதும்."

பொக்கிஷ அதிகாரி ஆதிமூலத்துக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "செருப்புத் திருடனுக்கு அரண்மனைச் செலவில் பந்தலா? அடுத்து விருந்தும் வைப்பீரோ? பிறர் பொருள் கையில் இருந்தால் திருடன். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?"

"அதுவும் சரிதான்," என்றார் ராஜா.

மறுநாள் சபை கலைந்ததும் மந்திரி வெறுங்காலோடு ராஜாவிடம் வந்தார். "மகாராஜா, என் செருப்பைக் காணோம்."

காவலர்கள் தேடினார்கள். செருப்பு ஆதிமூலத்தின் காலில் இருந்தது.

ராஜாவுக்கு ஒரே குஷி. "ஆதிமூலம், நீர் சொன்ன நியாயம்தானே? உள்ளே போய் இரும். அடுத்த மாதம் விசாரிக்கிறேன்."

ஆதிமூலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "மகாராஜா, என் செருப்பும் இதே மாதிரி இருக்கும். மாறிப்போயிற்று. எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? கேட்க அரை நாழிகைகூட ஆகாதே!"

"அந்த அரை நாழிகையைத்தான் நானும் கேட்டேன்," என்றார் மந்திரி. "இடம் மாற்றி வைத்தவன் நான்தான் மகாராஜா. தண்டனை எனக்குக் கொடுங்கள்."

ராஜா வெகுநேரம் சிரித்தார். பிறகு, "ஒரே ஒரு பந்தல் போடும். நானே வந்து பார்க்கிறேன்," என்றார்.

பந்தலுக்கு முதலில் வந்த வழக்கு மாசானத்துடையது. செருப்பைப் பறிகொடுத்த எண்ணெய் வியாபாரி, "ஏம்ப்பா எடுத்தே?" என்று கேட்டார்.

"மாசமா இருந்த எம் பொஞ்சாதிக்கு, எங்கூட வேலை செஞ்சு காளவாச் சூட்டுல காலெல்லாம் வெந்துபோச்சு சாமி. கேட்டா யாரு தருவா?"

வியாபாரி தலையைத் தடவிக்கொண்டார். "கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியலப்பா. செருப்பை அந்தப் பொண்ணே போட்டுக்கட்டும்."

பத்து நாள் கோயில் வாசலில் செருப்புகளுக்குக் காவல் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. உலகம்மாள் வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். தெரியாத முகத்தைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது. மாசானமும் அழுதான்.

ராஜாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஆதிமூலம், எல்லாத் தெருவுக்கும் பந்தல் வேண்டும். என்ன செலவானாலும் சரி."

"பந்தல் போட ஆள் அனுப்பிவிட்டேன் மகாராஜா," என்றார் ஆதிமூலம், தலை நிமிராமல்.