அல்லி யானைக்கு விடுமுறை

விடுமுறை என்று தண்டோரா போட்டால் யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்களா, நீங்களே சொல்லுங்கள்? பள்ளிக்கூடம் இல்லை என்றால் நம் வீட்டு வாண்டுகள் கூரை பறக்கக் கத்தும். ஆனால் மருதங்கோட்டை ஜனங்கள் உட்கார்ந்தார்கள்!

அந்த ஊரைக் கூத்தபெருமாள் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. ரொம்ப ரொம்பப் பழைய காலம். நல்ல மனுஷர்தான். ஆனால் கொண்டாட்டம் என்றால் உயிர். குதிரை குட்டி போட்டால் விடுமுறை. ராணி புது மூக்குத்தி போட்டால் விடுமுறை. ஒரு தடவை மழை பெய்ததற்கு ஒரு நாள் விட்டார். மறுநாள், மழை விட்டதற்கும் ஒரு நாள் விட்டார்!

அரண்மனை வேலைக்காரர்களுக்குக் கூலி நெல்லாகத்தான். பொழுது சாயும்போது களஞ்சியத்தில் அளந்து போடுவார்கள். கொண்டுபோய்க் குத்தி உலை வைத்தால்தான் சோறு. விடுமுறை என்றால் களஞ்சியம் பூட்டு. "கை அசையாத நாளுக்கு நெல் கிடையாது" என்பது களஞ்சிய அதிகாரி வெள்ளையப்பர் போட்ட சட்டம். அவர் பங்கு மட்டும் அறுவடையானதும் வண்டி வண்டியாக வீட்டுக்கே போய்விடும். அவருக்கென்ன, விடுமுறை வந்தால் வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் ஆடுவார்.

மழை விட்ட அன்று சாயங்காலம் அரண்மனையில் பாட்டுக் கச்சேரி. நடுவில் ராஜா எழுந்தார். "நாளைக்கு என் பிறந்தநாள். ஊருக்கே விடுமுறை!"

எல்லோரும் கை தட்டினார்கள். பட்டத்து யானை அல்லிக்குப் புல் அறுக்கும் பூவாத்தா மட்டும் இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள்.

"மகாராஜா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஆனா நாளைக்கு மட்டும் பிறக்காம இருந்தா எங்களுக்கு உதவியா இருக்கும்."

கச்சேரி அப்படியே நின்றுபோனது. "என்னம்மா உளறுகிறாய்?" என்றார் ராஜா.

"ரெண்டு நாளா அடுப்பு எரியல மகாராஜா. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவ நான். என் வயித்துக்குள்ள போனாத்தானே இவ வயித்துக்குப் போகும்?"

வெள்ளையப்பர் சிரித்தார். "ரெண்டு நாளா வீட்டுல காலை நீட்டிப் படுத்துட்டு நெல்லு மட்டும் வேணுமாக்கும்! பிடிக்கலேன்னா அரிவாளைக் கொடுத்துட்டுப் போ."

மந்திரி அறவாழி மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "வெள்ளையப்பரே, உமது சட்டம் எல்லாருக்கும் பொதுவா?"

"அதிலென்ன சந்தேகம்? அரண்மனைத் தீனி தின்கிற எந்த உயிரானாலும் சரி. வேலை இல்லையா, தீனி இல்லை!"

"அப்படியானால் மகாராஜா, நாளை ஒரு நாள் இந்தச் சட்டத்தைப் பிசகாமல் நடத்திப் பார்ப்போமே."

"ஆகட்டும். சட்டம் தப்பென்றால் நாளைப் பொழுது சாய்வதற்குள் எனக்குப் புரிய வையும். முடியாவிட்டால் இவள் அரிவாளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்."

மந்திரியோடு வெளியே வந்ததும் பூவாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பிழைப்பே உங்க கையில இருக்கு சாமி."

"பயப்படாதே அம்மா. நாளைக்கு நீ யானைக் கொட்டடிப் பக்கமே வராதே."

"அய்யய்யோ, அல்லி பட்டினி கிடக்குமே! விடுமுறையானாலும் நான் வந்து அறுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்."

மந்திரி நின்றுவிட்டார். "கூலி இல்லாமலா?"

"அது யானைக்குத் தெரியுமா சாமி?"

"நாளைக்கு மட்டும் வராதே. அதன் வயிற்றுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார் மந்திரி. அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், மந்திரி வீட்டுச் சோறும் குழம்பும் பின்னாலேயே போய்விட்டன.

ராஜாவின் பிறந்தநாளன்று பட்டத்து யானை அம்பாரி சுமக்காது. அது அந்த ஊர் வழக்கம். நெற்றியில் முகபடாம் கட்டி அரண்மனை வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அன்று காலை அல்லி தெருவைப் பார்த்தது. புல் வரவில்லை. பூவாத்தாவும் வரவில்லை. எதிரே வெள்ளையப்பர் வீடு. ராஜாவுக்குப் பிடிக்கட்டுமே என்று குலை தள்ளிய வாழை மரமும் கட்டுக் கட்டாய்க் கரும்புமாக வாசலில் பந்தல் போட்டிருந்தார் மனுஷர்!

மந்திரி ஜாடை காட்ட, பாகன் சங்கிலியைத் தளர்த்தினான்.

அல்லி அவசரமே படவில்லை. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியம்மா மாதிரி நடந்து போனது. முதலில் கரும்பு. அப்புறம் வாழை. அப்புறம் ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டு, ஆறவைத்திருந்த சர்க்கரைப் பொங்கல் அண்டாவைத் துழாவியது.

"ஐயோ என் பந்தல்! என் பொங்கல்!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் வெள்ளையப்பர். "அடேய் பாகா, யானைக்கு ஏன்டா தீனி போடலை?"

மந்திரி பணிவாகச் சொன்னார்: "அல்லிக்கு இன்று விடுமுறை, வெள்ளையப்பரே. ஒரு வேலையும் செய்யவில்லை, சும்மா நிற்கிறது. உமது சட்டப்படி..."

"சட்டமாவது மண்ணாவது! வேலை செய்யலேன்னா வயிறு பசிக்காமப் போயிடுமாய்யா?"

சத்தம் கேட்டு இறங்கி வந்த ராஜா அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இப்போது என்ன சொன்னீர்? இன்னொரு தரம் சொல்லும்."

வெள்ளையப்பர் இன்னொரு தரம் சொன்னார், எலி கத்துகிற மாதிரி. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது.

"மந்திரி, மழைக்கு விட்ட இரண்டு நாளும் இது ஏன் இப்படிப் பசியோடு கிளம்பவில்லை?"

"பூவாத்தா வந்து புல் போட்டாள், மகாராஜா. கூலியில்லாமல்."

ராஜா யானையைப் பார்த்தார். வெள்ளையப்பரைப் பார்த்தார். "காலை நீட்டிப் படுத்திருந்தாள் என்றீரே ஐயா!" என்றவர் உடனே பூவாத்தாவை அழைத்துவரச் சொன்னார்.

தண்டோரா மறுபடியும் முழங்கியது. இனி விடுமுறை விட்டால் விடிந்ததுமே களஞ்சியம் திறக்கும்; எல்லோருக்கும் அன்றைய நெல் உண்டு. அன்றைக்கும் வேலைக்கு வரவேண்டியவர்களுக்கு இரண்டு பங்கு. அளந்து போடுவது வெள்ளையப்பரே, தன் கையால். மழை நாட்களின் நெல்லையும் அன்றே அளக்க உத்தரவானது. முதல் முறம் பூவாத்தாவுக்கு. தலை நிமிராமல் அளந்தார் வெள்ளையப்பர்.

முறத்தை வாங்கிக்கொண்ட பூவாத்தா போகாமல் நின்றாள்.

"இன்னும் என்னம்மா? நான் பிறந்தது இப்போதாவது பரவாயில்லையா?" என்றார் ராஜா.

பூவாத்தா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள். "மகாராஜா, மழை விட்டதுக்கெல்லாம் விடுமுறை விட்டீங்க. நாளைக்கு என் பொண்ணுக்கு முதல் சோறு ஊட்டறோம். அதுக்கும் ஒரு நாள் விடுங்களேன்!"