உப்பள விதி

ராஜாவை விரட்டிவிட்டு முத்தாறு நாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாருமே உப்பள முதலாளிகள். அவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்தவள் பேச்சித்தாய். ராஜாவின் படையோடு நடந்த சண்டையில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள்.

"ராஜாகிட்ட பிடுங்கின உப்பளத்தைத் தங்களோட பேருக்கு எழுதிக்கத்தான் இந்தச் சட்டம்" என்று அவள் சந்தையில் சொல்லிவிட்டாள். அது சபைத் தலைவர் திரவியநாதர் காதுக்குப் போயிற்று.

மறுநாள் ஊரே வேடிக்கை பார்க்க, சபை நடுவில் அவளை நிறுத்தினார்.

"எழுத்து வாசனை இல்லாத கழுதை! சொன்னதை இங்கேயே நிரூபி. இல்லாட்டி நாக்கை அறுத்துடுவேன்."

"சட்டத்தை முதல்ல இருந்து வாசிக்கச் சொல்லுங்க சாமி" என்றாள் பேச்சித்தாய்.

வாசித்தார்கள். நீதி வந்தது, பேச்சுரிமை வந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தூங்கி விழுந்தார்கள். குறட்டை கிளம்பியதும் அவள், "ஐயய்யோ, சட்டத்துல இருந்து உப்பள விதியை எடுத்துட்டாங்களே!" என்று கத்தினாள்.

அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள். "எவன்டா எடுத்தது? என் அளம் என்னாச்சு?" என்று அலறினார்கள்.

"நிரூபிச்சாச்சு சாமி" என்றாள் பேச்சித்தாய்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் நாக்கு தப்பியது.

ஆனால் சட்டம் அன்றைக்கே நிறைவேறியது. கூடவே புது விதி ஒன்றும் சேர்ந்தது: நிலமில்லாதவர்கள் சபைக்குள் இருக்கக் கூடாது. பேச்சித்தாயையும் கூட்டத்தையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான் காவல்காரன். அவனுக்கும் நிலம் கிடையாது. அதனால் அவனும் வெளியே நின்றுதான் சாத்தினான்.