ராஜாவின் இடுப்பளவு

கருவேலங்கோட்டைப் பாளையத்தை எர்ரப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில், டிம்பர்லி துரை என்ற ஆங்கிலேய ஓவியர் அங்கே வந்து இறங்கினார். லண்டனில் அவர் வரைந்தது முகம் மட்டும். உடம்பையும் உடுப்பையும் வேறொருவர் வரைந்து கொடுப்பார். முகம் காட்ட அங்கே ஆள் வராமல் போகவே, தலையில்லாத உடம்புப் படங்கள் பன்னிரண்டைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே விலைபோகாதவர் இங்கே வந்ததும் மேதை. கேட்க ஆளில்லை, வேறென்ன?

நம் நாயக்கரோ குட்டை. சபைக்கு முதலில் வயிறு வரும், பிறகுதான் அவர் வருவார். துரை அவர் முகத்தை ஒரு ஒல்லித் தளபதியின் உடம்பில் பொருத்தி வரைந்து வைத்தார். பார்த்த நாயக்கர் சொக்கிப்போனார்.

"இதுதான் என் உண்மை உருவம். இனி அரண்மனையில் எல்லாம் இந்த அளவுப்படிதான். மீறினால் நாடு கடத்தல்."

தையற்காரர் மீரான் படத்தை அளந்து நவராத்திரி அங்கி தைத்தார். நாயக்கர் ஒரு கையை நுழைத்ததுமே அது கிழிந்தது.

"நாளைக்கே ஊரைவிட்டுப் போ" என்றார் நாயக்கர்.

பொய் சொன்னது தூரிகை, தண்டனை ஊசிக்கு. எந்த ஊர் நியாயம் இது?

மீரான் அழகுநாச்சியிடம் ஓடினார். சபையில் விகடம் பேசுகிறவள் அவள்தான். விகடம் பேசக் குடுமி வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

"அளவு தப்பவில்லை அம்மணி. நாயக்கர்தான் அளவு தப்பியிருக்கிறார்."

"இதை வெளியே சொல்லிவிடாதீர் அண்ணே. அப்புறம் நாடு கடத்த உமக்குத் தலை இருக்காது."

மதியம் நாயக்கர் சாப்பிட உட்கார்ந்தார். நாச்சி உள்ளங்கை அகல இலையைப் போட்டு, ஒரு கரண்டி கஞ்சியும் அரை அப்பளமும் வைத்தாள்.

"என்ன இது?"

"சாப்பாடு மகாராஜா. படத்தின் இடுப்பை அளந்தேன், ஒரு சாண். வைத்தியரைக் கேட்டால் இதுவே அதிகம் என்கிறார்."

"நெய்ச்சோறு? அதிரசம்?"

"அதையெல்லாம் பெரிய வயிற்றுக்காரர் ஒருவர் இத்தனை நாள் தின்றுகொண்டிருந்தார். படத்தில் அவரைக் காணோம். ஆள் யாரென்று சொன்னால் நாடு கடத்திவிடலாம்."

பரிமாறியவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மடைப்பள்ளியிலிருந்து அதிரச வாசனை வந்தது.

நாயக்கர் பக்கத்தில் நின்ற ஓவியரிடம் திரும்பினார். "துரை, படத்துக்கு உடனே ஒரு வயிறு வரையும்."

துரை கையைப் பிசைந்தார். "வயிறு வரைகிறவர் லண்டனில் இருக்கிறார், மகாராஜா. கடிதம் போட்டால் ஒரு வருஷத்தில் பதில் வரும்."

"அதுவரை எனக்குக் கஞ்சியா?"

நாயக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். உத்தரவு ரத்தானது. மீரான் ஊரிலேயே இருக்கலாம் என்றார். நாச்சிக்குப் பட்டுச் சால்வை. பெரிய இலை வந்தது.

ஏழாவது அதிரசத்தில் நாயக்கருக்குக் கவலை பிறந்தது. "அந்தப் படத்தை என்ன செய்வது?"

"இங்கேயே மாட்டிவிடுங்கள் மகாராஜா. நம் மடைப்பள்ளியில் சாப்பிடுவதற்கு முன்னால் வரைந்தது என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்ளலாம். சமையற்காரருக்கும் பெருமை."