எந்தக் குளம் என்று இருவாச்சி கேட்டது

நாவல்குளம் அந்தக் கோடையில் பாதிக்கு மேல் வற்றிப்போயிருந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் சேறு. புள்ளிமான் மருதியின் குட்டி, தாகம் தாங்காமல் அவசரமாக இறங்கி, வயிறு வரைக்கும் சேற்றில் புதைந்துபோனது.

வெடுக்கி என்ற கீரி அந்த வழியாக வந்தபோது கரையில் திருவிழாக் கூட்டம். வெடுக்கி பெயருக்கேற்ற கோபக்காரி. வேடிக்கை பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. இங்கேயோ காடே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது! மயில் ஒரு பாறைமேல் ஏறிக் கழுத்தை நீட்டியது. குரங்குகள் நன்றாகத் தெரியும் கிளைக்காக அடித்துக்கொண்டன. அசையாமல் நிற்கும்படி காட்டுப்பன்றி கத்தியது. காலை நன்றாக உதறும்படி முயல் கத்தியது. பாவம், குட்டி இருவர் பேச்சையும் கேட்டு, இன்னும் கொஞ்சம் கீழே போனது.

மருதி கரையோரமாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தாள். குட்டியை விட்டு நகர அவளுக்கு மனம் வரவில்லை.

ஆபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். மேட்டிலுள்ள இலவமரத்தின் உச்சியில் இருவாச்சிப் பறவை காவலுக்கு உட்கார்ந்திருக்கும். அதனிடம் சொன்னால் போதும். அது குரல் கொடுத்தால் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். யானைகள் புறப்பட்டு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். எலி சொன்னாலும் யானை வரும்.

"இருவாச்சிகிட்ட யார் சொல்லப் போயிருக்கீங்க?" என்று வெடுக்கி கேட்டாள்.

காட்டுப்பன்றி போயிருக்கும் என்று மயில் நினைத்ததாம். இத்தனை குரங்குகளில் ஒன்றாவது போகாமலா இருக்கும் என்று காட்டுப்பன்றி நினைத்ததாம். குரங்குகள் கரடியைக் கைகாட்டின. இவ்வளவு நேரம் ஒரு குட்டி கண்ணெதிரே புதைந்துகொண்டிருக்கிறது, ஒருவர்கூட அந்த மேட்டுக்கு நடக்கவில்லை!

கரடி அந்தக் குளத்துக்கு நாட்டாமை. குட்டியின் கழுத்தில் மாட்டி இழுப்பதற்காக அது ஒரு கொடியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கெடுத்தாலும் யானையா? வந்தா கரையெல்லாம் மிதிச்சு நாசமாக்கிடும். பக்கத்து மூங்கில்குளத்துக்காரங்க நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க. நம்ம வீட்டு விஷயத்தை நாமளே பார்த்துக்கலாம்" என்றது கரடி.

வெடுக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழுத்துல மாட்டி இழுத்தா உயிர்தான் வெளியே வரும். பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு இத்தனை நேரம் பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க!" என்று சீறிவிட்டு ஓடினாள்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓடினாள். கரடியைத் திட்டினாள், மயிலைத் திட்டினாள், குறுக்கே வந்த முள்செடியையும் விடவில்லை. இலவமரத்தடிக்கு வந்தபோது அவளிடம் மூச்சு கொஞ்சமாகவும் கோபம் நிறையவும் இருந்தது.

"ஏய் இருவாச்சி! மேல சொகுசா உட்கார்ந்திருக்கியே, அங்கே ஒரு உயிர் போகுது! மான்குட்டி சேத்துல மாட்டிக்கிச்சு. யானையைக் கூப்பிடு!"

இருவாச்சி உடனே குரல் கொடுத்தது. பிறகு குனிந்து, "எந்தக் குளம்?" என்று கேட்டது.

அதுவரை கரையில் கேட்ட வெட்டிப் பேச்சோடு பேச்சாக இதுவும் வெடுக்கியின் காதில் விழுந்தது. உயிர் போகிற நேரத்தில் இதற்குக் கதை கேட்கிறதா?

"கேள்வி கேக்கற நேரமா இது?" என்று கத்திவிட்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். பின்னால் இருவாச்சி ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும், யானைகள் வந்துகொண்டிருப்பதாக மருதியிடம் சொன்னாள். மருதி அவளை நன்றியோடு பார்த்தாள். குட்டியின் முதுகும் இப்போது சேற்றுக்குள் போயிருந்தது. கழுத்தும் தலையும்தான் மிச்சம்.

யானைகளின் பிளிறல் கேட்டது. ஆனால் அது மலையடிவாரத்தில், மூங்கில்குளத்துப் பக்கத்திலிருந்து கேட்டது.

அந்தக் காட்டில் மூன்று குளங்கள். கோடையில் மூன்றிலும் சேறு. எந்தக் குளம் என்று அவள் சொல்லவே இல்லை. இந்த முறை திட்டுவதற்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. மறுபடியும் மேட்டை நோக்கி ஓடினாள்.

இருவாச்சி அவளைத் திட்டவில்லை. "நீ கத்தின உடனேயே யானைங்க கிளம்பிடுச்சு. நான் கேள்வி கேட்டதால அதுங்க வர்றது தாமதமாகாது. எந்தப் பக்கம் திரும்பணும்னுதான் அதுங்களுக்குத் தெரியலை. இப்ப நிதானமா சொல்லு" என்றது.

வெடுக்கி சொன்னாள். நாவல்குளம், பாறை இருக்கும் கரை, ஒரு குட்டி, கழுத்து வரைக்கும் சேறு, மூச்சு இருக்கிறது. கால்கள் ஓடத் துடித்தன. ஆனாலும் இருவாச்சி போகச் சொல்லும்வரை நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இருவாச்சி மறுபடியும் குரல் கொடுத்து, யானைகளை நாவல்குளத்துப் பக்கம் திருப்பியது. யாரும் குட்டியை இழுக்காமல் பார்த்துக்கொள்ளவும், பாதை பிரியும் இடத்தில் நின்று யானைகளுக்கு வழி காட்டவும் இருவாச்சி சொல்லி அனுப்பியது. அவள் போகிற வழியில் ஒரு குரங்கைப் பிடித்து, கரடியின் கொடியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பாதையில் போய் நின்றாள்.

யானைகள் வந்தன. கிழட்டு யானை ஒன்று சேற்றின்மேல் கிளைகளைப் பரப்பி, தும்பிக்கையைக் குட்டியின் வயிற்றுக்கடியில் விட்டு, மெதுவாகத் தூக்கிக் கரையில் வைத்தது. குட்டி பிழைத்தது. ஆனால் எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்து விழுந்தது. சேற்றுக்குள் உதறி உதறி அதன் முன்னங்கால் ஒன்று முறிந்திருந்தது.

"இடம் தெரியாம மூங்கில்குளத்துக்குப் போயிட்டோம். முன்னாடியே வந்திருந்தா இந்தக் கால் தப்பிச்சிருக்கும்" என்றது யானை.

கரடிக்கு இப்போது வீரம் வந்துவிட்டது. "எந்த முட்டாள் இடம் சொல்லாம யானையைக் கூப்பிட்டது?" என்று கூட்டத்தைப் பார்த்து உறுமியது. மயில் தலையாட்டியது. காட்டுப்பன்றியும் தலையாட்டியது. ஆளாளுக்கு அந்த முட்டாளைத் தேட ஆரம்பித்தார்கள்.

வெடுக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் அந்த முட்டாள். கோபத்துல இடம் சொல்லாம வந்தேன், இந்தக் குட்டியோட கால் போச்சு. மருதி என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா நீங்க யாரும் பேசக் கூடாது. நான் தப்பாக் கூப்பிட்டேன். நீங்க கூப்பிடவே இல்லை."

தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மருதி குட்டியின் முறிந்த காலை நக்கிக்கொண்டிருந்தாள்.

நீதி: ஆபத்தைக் கண்டால், வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று நிற்காமல் நீயே உடனே உதவிக்கு அழைக்க வேண்டும், அழைத்தபின், எங்கே, என்ன என்று கேட்பதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லி முடித்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும்.