போதாத வேகம்

பூச்சிமருந்தின் விஷத்தை உடைக்கும் உலோகப் பொடி ஒன்றைச் செய்வதுதான் செந்தட்டியின் ஆராய்ச்சி. விஷம் கலந்த தண்ணீரில் பொடியைப் போட வேண்டும். தண்ணீர் மஞ்சளானால் விஷம் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று அரை மணி நேரத்தில் மஞ்சளானது. வேறொருவனாக இருந்தால் லட்டு வாங்கிக் கொடுத்து ஆய்வுக்கூடத்தையே அமர்க்களப்படுத்தியிருப்பான். இவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேராசிரியர் நாச்சம்மையிடம் போய் நின்றான்.

“போதாது மேடம். இதவிட வேகமா உடைக்கணும்.”

நாச்சம்மை தன் அலமாரியிலிருந்து சிர்கோனியம் என்ற உலோகம் சேர்ந்த பொடி ஒன்றை எடுத்தார். விஷத் தண்ணீர் இருந்த புதுக் குடுவையில் ஒரு சிட்டிகை போட்டார். அவன் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் மஞ்சளாகிவிட்டது.

“இது?”

“போதாது.”

“உனக்கு எதுதான்பா போதும்?”

செந்தட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனிடம் வாய்திறப்பதில்லை. போன வருஷம், பருத்தி மறுபடியும் காய்ந்துபோன சமயத்தில், தம்பி முனியராஜ் ஊரிலிருந்து போன் செய்தான்.

“அண்ணே, மருந்து குடிச்சிட்டேன்.”

தம்பிக்கு அப்போது காய்ச்சல் வேறு இருந்தது. செந்தட்டியின் கண்ணெல்லாம் குடுவையின் மேல். தண்ணீர் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. “நல்லது, போத்திப் படு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பூச்சிக்கொல்லியையும் ஊரில் மருந்து என்றுதான் சொல்வார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனை இன்றுவரை தின்றுகொண்டிருந்தது.

“இந்தப் பொடிய உடம்புல ஏத்த முடிஞ்சிருந்தா என் தம்பி பொழைச்சிருப்பானா மேடம்?”

“தெரியலப்பா.”

“எவ்வளவு வேகமா உடைச்சிருந்தா பொழைச்சிருப்பான்? அத மட்டும் சொல்லுங்க. ஆயுசு பூரா உக்காந்தாவது செஞ்சிடறேன்.”

நாச்சம்மை குடுவையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவன் உனக்குப் போன் பண்ணி பொடியா கேட்டான், செந்தட்டி?”