காணாமல் போனவர் பந்தல்

“அம்மா, இந்த வேலை எனக்கு வேண்டாம். நான் கிளம்பறேன்” என்றார் நீலமேகம்.

தேரோட்ட நாள். காணாமல் போனவர்களைச் சேர்த்துவைக்கும் பந்தலில் பாய் நிறையப் பிள்ளைகள். ஆளுக்கொரு சுருதியில் அழுகை.

வருஷா வருஷம் குருவுக்கும் சீடருக்கும் அங்கேதான் தொண்டு. குரு குழல்வாய்மொழி, சீடர் நீலமேகத்தைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் குரு குருதான்.

“என்ன ஆச்சு?”

“எட்டு வருஷம் முந்தி இதே பாயில அழுத பையன், இன்னைக்கு மீசையோட வந்தான். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. சிரிச்சேன். ‘யோவ், யாரு நீ?’ன்னுட்டான்.”

“ம்.”

“எல்லாரையும் நான் கண்டுபிடிக்கிறேன். என்னை ஒருத்தரும் தேடலியே, அம்மா.”

குரு பாயைக் காட்டினார். பேர்கூடச் சொல்லத் தெரியாத ஒரு குட்டிப்பெண் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

நீலமேகம் ஒரு பார்வை பார்த்தார். அழும்போது அவள் கீழுதடு இடப்பக்கமாய் இழுத்துக்கொண்டது. அது போதும் அவருக்கு.

கூட்டத்துக்குள் இறங்கினார். கால் மணி நேரத்தில், வளையல் கடையோரம் அதே கோணலில் அழுதுகொண்டிருந்த ஒருத்தியைக் கூட்டிவந்தார்.

“ஏ தங்கமே! எங்கடி போனே?”

தாய் பிள்ளையின் முதுகில் ஒன்று போட்டாள். அதே கையால் அள்ளிக்கொண்டாள். ஓடியே போய்விட்டாள்.

“பார்த்தீங்களா? என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கலை.”

“பார்த்தேன். பாயில உட்காருங்க.”

“எந்தப் பாயில?”

“பிள்ளைங்க பாயில.”

உட்கார்ந்தார். பக்கத்துப் பொடியன் அழுகையை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“தாத்தா, நீங்களுமா?”

குரு ஒரு கைப்பிடி பொரியை நீலமேகத்தின் கையில் வைத்தார்.

“பேரு என்ன, ராசா?”

“விளையாடாதீங்கம்மா.”

“யாரு கூட வந்தே?”

“தனியா.”

“கடைசியா யார் கையைப் பிடிச்சிருந்தே?”

ஒரு முகத்தையும் மறக்காத மனிதர் பொரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு மைக்கைப் போட்டார். மைக்குக்கென்றே மூக்கால் வரும் ஒரு குரல் உண்டு அவருக்கு.

“அறிவிப்பூ! நீலமேகம், வயது நாற்பத்தெட்டு, வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. தெரிந்தவர்கள் உடனே பந்தலுக்கு வந்து அழைத்துச் செல்லவும். அழுதுகொண்டிருக்கிறார்ர்ர்.”

“நான் எங்க அழுதேன்?” என்றார் நீலமேகம். குரல் உடைந்தது.

குரு மூன்று முறை அறிவித்தார்.

தேர் நகர்ந்தது. கூட்டம் அதன் பின்னாலேயே நகர்ந்தது. பாயிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். பொடியனும் மாமன் தோளேறிப் போய்விட்டான்.

பாயில் நீலமேகம் மட்டும்.

குரு மைக்கை அணைத்தார். பந்தலின் பின்பக்கம் இறங்கினார். மூங்கில் தடுப்பைச் சுற்றிக்கொண்டு, தேடி வருகிறவர்கள் நிற்கும் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“ஏட்டையா, மைக்குல கேட்டேன். எங்க ஆளு இங்க இருக்காராமே?”

பந்தலில் பதிவேடு எழுதும் ஏட்டு திருதிருவென்று விழித்தார். ஆனாலும் முறை முறைதானே. பேனாவைத் திறந்தார்.

“அடையாளம் சொல்லுங்கம்மா.”

“சாப்பிடறப்ப தட்டைப் பார்க்க மாட்டாரு, ஐயா. வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருப்பாரு.”